பள்ளி லேபுக்கான டெபியனில் எந்த டேட்டாபேஸ் கருவியைச் சேர்ப்பது?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தருமபுரியில் கல்லூரி நண்பர்கள் சிலர் சேர்ந்து, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பை அடிப்படையாக வைத்து, மேல்நிலைப் பள்ளிகளின் கணினி லேபுக்கு ஒரு தமிழ் டெஸ்க்டாப் தயாரிக்கிறீர்கள். இன்ஸ்டால் செய்து முடித்ததுமே டேட்டாபேஸைத் திறந்து பார்க்க ஒரு கருவி மெனுவில் இருக்க வேண்டும் என்பது உங்கள் எண்ணம். குழுவில் பெரும்பாலானோர் பல வகை டேட்டாபேஸ்களைத் திறக்கும் டிபீவர் என்ற கருவியைச் சொல்கிறார்கள். அதைச் சேர்க்கலாமா, சேர்த்தால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில்: டிபீவரை ஐஎஸ்ஓவுக்குள், அதாவது இன்ஸ்டால் செய்யும் கோப்புக்குள், வைக்காதீர்கள். டெபியனின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கும் டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்பதை வையுங்கள், கூடவே எஸ்க்யூலைட்டின் கமாண்ட் லைன் கருவியையும். எஸ்க்யூலைட் என்பது ஒரே கோப்புக்குள் அடங்கும் சிறிய டேட்டாபேஸ். தனி சர்வர் கேட்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வகையறாவை வேண்டுமென்பவர்கள் போட்டுக்கொள்ளும் தனித் தொகுப்பாகக் கொடுங்கள். நான் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பள்ளி லேப்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பவன். இதில் ஒருமுறை தவறான பக்கம் முடிவெடுத்து, அதன் விளைவைக் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளி லேபுக்கு இதேபோல ஒரு டெபியன் தயாரித்தோம். அலுவலகத்தில் நான் தினமும் பயன்படுத்துவது டிபீவர்தான். அருமையான மென்பொருள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதன் டெப் கோப்பை (டெபியனில் நிறுவும் தொகுப்பு) இறக்கி ஐஎஸ்ஓவுக்குள் வைத்தோம். வீட்டில் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது. லேபில் ஆசிரியர் எஸ்க்யூலைட் கோப்பைத் திறக்கப் போனதும், டிரைவரை இறக்க வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. லேபில் இணையம் கிடையாது. இருபது கணினியிலும் அதே பெட்டி. டிபீவர் ஜாவாவில் எழுதப்பட்டது, ஒவ்வொரு டேட்டாபேஸோடும் ஜேடிபிசி டிரைவர் என்ற இணைப்பு நிரல் வழியாகப் பேசுகிறது. அந்த டிரைவர்களை முதல் இணைப்பின்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதுதான் அதன் இயல்பான வழக்கம். என் வீட்டுக் கணினியில் டிரைவர் எப்போதோ இறங்கியிருந்ததால் எனக்கு இது தெரியவே இல்லை. அன்று அந்த வகுப்பு வீணாகப் போனது. பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

டிரைவர்களை முன்கூட்டியே இறக்கி உள்ளே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் அதன் பிறகு அந்த டிரைவர்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். எஸ்க்யூலைட்டுக்கான ஜேடிபிசி டிரைவர், எஸ்க்யூலைட் நிரலின் ஒரு பிரதியைத் தனக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறது. டிபீவர் தன் ஜாவாவையும் தானே கொண்டுவருகிறது. எஸ்க்யூலைட்டிலோ ஜாவாவிலோ ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், டெபியன் தன் நூலகத்தை (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரலை) திருத்தி அனுப்பும், ஆனால் அந்தத் திருத்தம் இந்த உட்பிரதிகளைத் தொடாது. டிபி பிரவுசர் அப்படியில்லை. கணினியில் பொதுவாக இருக்கும் எஸ்க்யூலைட் நூலகத்தையே அது பயன்படுத்துகிறது. நூலகம் திருந்தினால் கருவியும் கூடவே திருந்திவிடும்.

டிபீவரின் உரிமத்தில் சிக்கல் எதுவும் இல்லை. கம்யூனிட்டி பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது, தாராளமாகப் பகிரலாம். கட்டணப் பதிப்புகள் தனியாக இருக்கின்றன, அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் ஒன்று நுழைய உரிமம் மட்டும் போதாது. அதன் மூல நிரலையும் அது சார்ந்திருக்கும் ஒவ்வொரு நூலகத்தின் மூல நிரலையும், இணையத்தைத் தொடாமல், டெபியனுக்குள் இருப்பதை மட்டும் வைத்துக் கட்டிக் காட்ட வேண்டும். எக்லிப்ஸ் என்ற ஜாவா தளத்தின்மேல் எழுந்து, நூற்றுக்கணக்கான ஜாவா துண்டுகளை இழுத்துக்கொண்டு வரும் ஒரு மென்பொருளுக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை. ஒருவர் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பேக்கேஜ் செய்து, அப்புறம் வருடக்கணக்கில் பராமரிக்கவும் வேண்டும்.

பராமரிக்க ஆள் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, மைஎஸ்க்யூஎல்லை பிரவுசரில் கையாளும் பிஎச்பிமைஅட்மின் நல்ல உதாரணம். மைஎஸ்க்யூஎல் படித்த யாருக்கும் அந்தப் பெயர் தெரியும், 1998 முதல் இருக்கிறது. அப்படிப்பட்ட கருவியே 2019-இல் வந்த டெபியன் 10-இல் இல்லாமல் போனது. 2021-இல் டெபியன் 11 வந்தபோதுதான் திரும்பி வந்தது. இவ்வளவு பேர் பயன்படுத்துவதற்கே இந்த நிலை என்றால், நாம் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பெரிய ஜாவா மென்பொருளைத் தனியாகச் சுமப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்டில். முழு ஆதரவு மூன்று ஆண்டு, நீண்டகால ஆதரவு இன்னும் இரண்டு ஆண்டு. அந்த ஐந்து ஆண்டுக்குள் உங்களில் பாதிப் பேர் பெங்களூரு போயிருப்பீர்கள், மீதிப் பேருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். பள்ளி லேப் அப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, யாருக்காக இதைச் செய்கிறோம் என்று பார்ப்போம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் டேட்டாபேஸ் கருத்துகள், எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழி, பிறகு பைத்தானிலிருந்து எஸ்க்யூலைட்டைக் கையாள்வது என்று பாடங்கள் வருகின்றன. கணினிப் பயன்பாடுகள் எடுப்பவர்களுக்கு மைஎஸ்க்யூஎல்லும் பிஎச்பியும். இவற்றில் எஸ்க்யூலைட்டுக்கு சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கும். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டில் பழைய விலையில்லா மடிக்கணினி வைத்திருக்கிற பிள்ளைக்கும் இது ஓடும். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதுவும் டெபியன் வழி வந்ததுதான், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் தயாரித்தது. என் கையில் இருக்கும் அந்த வகை மடிக்கணினியில் 2 ஜிபி ராம்தான். அதில் பிரவுசரையும் டிபீவரையும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் நகர்வதற்கே காத்திருக்க வேண்டும். டிபி பிரவுசர் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது.

டிபி பிரவுசரை முதலில் எழுதியவர் மௌரிசியோ பியாசென்டினி. அப்போது அது ஆர்கா என்ற ஒரு வணிகத் தயாரிப்புக்குத் துணையாக இலவசமாகக் கொடுக்கப்பட்ட கருவி. பின்னர் தன்னார்வலர்கள் கைக்கு வந்து வளர்ந்தது. மொசில்லா பொது உரிமம் 2, ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது என்று இரட்டை உரிமம். கியூட் என்ற நிரல் கட்டமைப்பில் எழுதப்பட்டது. கணினிப் பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸிலும் இது உண்டு. செல்போனிலிருந்து எடுத்த கோப்புகளை ஆராய்பவர்களுக்கு இது அன்றாடக் கருவி, ஏனென்றால் ஆண்ட்ராய்டு செயலிகள் பெரும்பாலும் தகவல்களை எஸ்க்யூலைட்டில்தான் வைத்திருக்கின்றன.

டெபியனில் இருக்கும் பதிப்பு பழசாகிவிடுமே என்ற கவலை உங்கள் குழுவில் ஒருவருக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எஸ்க்யூலைட்டைப் பொறுத்தவரை அந்தக் கவலை பெரிதாக வேண்டாம். அதன் கோப்பு வடிவம் 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ஒன்றேதான், 2050 வரை ஆதரவு தருவதாக அதை உருவாக்கியவர்கள் உறுதி சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வரும் சில வசதிகளைப் பயன்படுத்திய கோப்பைப் பழைய நூலகம் திறக்காமல் போகலாம். 2021-இல் வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள் அப்படி ஒன்று. பள்ளிப் பாடத்தில் அதெல்லாம் வராது.

மாணவர்களிடம் கொடுக்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆசிரியர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டிபி பிரவுசரில் ஒரு வரிசையைச் சேர்த்தால் அது உடனே கோப்பில் எழுதப்படாது. மேலே இருக்கும் ரைட் சேஞ்சஸ் பொத்தானை அழுத்தினால்தான் எழுதும். வேண்டாமென்றால் ரிவர்ட் அழுத்திப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். தெரியாமல் அழித்துவிட்ட பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் மாற்றத்தை எழுதாமல் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து ஜன்னலில் அதே கோப்பில் எழுதும் பைத்தான் நிரலை ஓட்டினால், அந்த நிரல் ஐந்து வினாடி காத்திருந்துவிட்டு, டேட்டாபேஸ் பூட்டப்பட்டிருக்கிறது என்று பிழை காட்டி நின்றுவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. பைத்தானில் மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட் எழுத மறந்தால், நிரல் பிழையில்லாமல் ஓடி முடியும், டிபி பிரவுசரில் பார்த்தால் வரிசை இருக்காது. இந்த இரண்டையும் முதல் வகுப்பிலேயே வேண்டுமென்றே செய்து காட்டச் சொல்லுங்கள். டிரான்சாக்ஷன் என்ற சொல்லைப் பலகையில் எழுதி விளக்குவதைவிட இது பிள்ளைகள் மனதில் நன்றாக நிற்கும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். தமிழ் டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) என்று சொல்லிக்கொண்டு டேட்டாபேஸ் கருவி சேர்க்கும்போது உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. எந்தக் கருவி என்பதைவிட இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள்.

எஸ்க்யூலைட் இயல்பாக எழுத்துகளை வரிசைப்படுத்துவது யூனிகோட் எண் வரிசையில். நம் அகரவரிசை அது அல்ல. யூனிகோட் அட்டவணையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, அதன்பின் ல, ள, ழ, வ என்று வருகிறது. மலர், மனோகரன் என்று இரண்டு பெயர் இருந்தால் நம் வரிசையில் மலர் முன்னே வர வேண்டும். கணினி மனோகரனை முன்னே போடும். ஜெயா என்ற பெயர் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பிறகு வர வேண்டியது, சரவணனுக்கும் தமிழ்ச்செல்விக்கும் நடுவில் வந்து நிற்கும். வருகைப் பதிவேட்டின் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எந்த ஆசிரியரும் இதை முதல் நாளே கேட்பார். பைத்தானில் சொந்தமாக ஒரு வரிசை விதியை எழுதி எஸ்க்யூலைட்டிடம் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆனால் அந்த விதியின் பெயரை டேபிள் அமைப்புக்குள்ளேயே எழுதிவிட்டால், அதே கோப்பைத் திறக்கும் டிபி பிரவுசருக்கு அந்த விதி தெரியாது, எச்சரிக்கை காட்டும். நான் செய்வது இது: வரிசைக்கென்று ஒரு கூடுதல் பத்தி வைத்து, நம் அகரவரிசைப்படி கணக்கிட்ட சாவியை அதில் எழுதிவிடுகிறேன். எந்தக் கருவியில் திறந்தாலும் வரிசை சரியாக வரும்.

அடுத்தது தேடல். நம் இரண்டு மாவட்டத்து ஊர்ப் பெயர்களே இதற்குப் போதுமான பாடம். தருமபுரி என்று அரசு எழுதுகிறது, பாதிக் கடைப் பலகையில் தர்மபுரி. ஓசூர், ஒசூர் இரண்டும் உண்டு. மாரண்டஅள்ளி, மாரண்டஹள்ளி. அள்ளி என்று முடியும் ஊர்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன! ஹள்ளி என்று தேடினால் அள்ளி என்று பதிந்த வரிசை ஒன்றுகூட வராது. பென்னாகரத்தைப் பெண்ணாகரம் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஊருக்கென்று தனி டேபிள், அதற்கு ஒரு எண், மற்ற டேபிளில் அந்த எண் மட்டும் என்று வைக்க வேண்டிய அவசியம் இங்கே தானாகவே புரிந்துவிடுகிறது. ஃபாரின் கீ என்றால் என்ன என்று கேட்ட ஒரு மாணவிக்கு மாரண்டஅள்ளியை வைத்துத்தான் விளக்கினேன். அவள் ஊர் அது. உடனே பிடித்துக்கொண்டாள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் உண்டு. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க, அதன்பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி என்று ஒருவிதம், க, ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரிந்த குறிகளாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு. கொள்முதல் என்று தேடுகிறீர்கள், கண் முன்னால் கொள்முதல் என்று இருக்கிறது, ஆனால் தேடலில் வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தில் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றும் வசதி இருக்கிறது, பதியும் முன் எல்லாவற்றையும் அதன் வழியாகச் செலுத்திவிட்டால் போதும். எழுத்து எண்ணிக்கையும் இப்படித்தான். தருமபுரி நமக்கு ஐந்து எழுத்து. எஸ்க்யூலைட்டிடம் நீளம் கேட்டால் எட்டு என்று சொல்லும், பைட் கணக்கில் இருபத்து நான்கு. துணையெழுத்துகளைத் தனித்தனிக் குறியாக எண்ணுகிறது, ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்.

பழைய அலுவலகக் கோப்புகளை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் நிதானமாக இருங்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன்பும், அதற்குப் பின் பல ஆண்டுகளும், வானவில் போன்ற எழுத்துருக் குறியீடுகளில் தட்டப்பட்டவை ஏராளம். அவற்றை டேட்டாபேஸில் ஏற்றினால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பது போலத் தெரியும். கருவியின் குறை என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் குறியீட்டை மாற்றுங்கள், பிறகு ஏற்றுங்கள்.

சேர்க்கும் முறை பற்றி. ஐஎஸ்ஓவைக் கட்டும் லைவ்-பில்ட் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன், பேக்கேஜ் பட்டியல் கோப்பில் பெயரைச் சேர்த்தால் வேலை முடிந்தது. கருவிகளையெல்லாம் இழுக்கும் மெட்டா பேக்கேஜ் ஒன்று வைத்திருந்தால், டிபி பிரவுசரை டிபெண்ட்ஸ் (கட்டாயத் தேவை) என்ற வரியில் போடாமல் ரெகமண்ட்ஸ் (பரிந்துரை) என்ற வரியில் போடுங்கள். டிபெண்ட்ஸில் போட்டால், இந்த ஒரு கருவி வேண்டாமென்று யாராவது நீக்கும்போது மெட்டா பேக்கேஜும் சேர்ந்து நீங்கும். அடுத்து, தேவையற்றதை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை ஓட்டினால் உங்கள் மற்றக் கருவிகளும் வரிசையாகப் போய்விடும். இடம் மிச்சப்படுத்த ரெகமண்ட்ஸை நிறுத்தி வைத்திருந்தால் மட்டும் பட்டியல் கோப்பில் பெயரைத் தனியாக எழுதுங்கள். கமாண்ட் லைன் எஸ்க்யூலைட்டும் தனிப் பேக்கேஜ் என்பதை மறக்க வேண்டாம். பைத்தானோடு வருவது அதன் நூலகம் மட்டும்தான்.

மெனுவில் பெயரும் விளக்கமும் தமிழில் வர வேண்டுமென்றால், டெபியன் வைத்த, மெனு விவரங்கள் உள்ள டெஸ்க்டாப் கோப்பைத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். அதன் பிரதியை யூஎஸ்ஆர் அடைவின் லோக்கல் பகுதியில் உள்ள அப்ளிகேஷன்ஸ் அடைவில் வைத்தால் அதற்குத்தான் முன்னுரிமை கிடைக்கும். நிரந்தர வழி, அந்தத் தமிழ் வரிகளை மூலத் திட்டத்துக்கே அனுப்புவது. நீங்கள் அனுப்பினால் எல்லா டிஸ்ட்ரோவிலும் உள்ள தமிழர்களுக்கும் போய்ச் சேரும். இடைமுகம் முழுவதையும் தமிழாக்க ஆசை இருந்தால் கியூட் லிங்விஸ்ட் கருவியில் திறந்து மொழிபெயர்க்கலாம்.

ஒரு மாதிரி டேட்டாபேஸையும் கட்டாயம் சேருங்கள். வெறும் கருவியைத் திறந்தால் காலியான சாம்பல் திரைதான் வரும், அதைப் பார்த்ததும் பிள்ளை மூடிவிடும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடி ஏலத்தைப் போல ஒன்றை வைத்துச் செய்யுங்கள்: விவசாயி டேபிள், ஊர் டேபிள், லாட் டேபிளில் எடையும் கூட்டின் ரகமும், ஏலத்தில் வாங்கிய ரீலரும் (கூட்டிலிருந்து நூல் எடுப்பவர்) கிலோ விலையும். இல்லையென்றால் ராயக்கோட்டை தக்காளி மண்டி, போச்சம்பள்ளி சந்தை, மாங்கூழ் ஆலைக்கு வரும் மாங்காய் லோடு. வீட்டில் பேசுகிற விஷயம் என்பதால் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று பிள்ளைகளுக்கே தோன்றும். பெயர்கள் எல்லாம் கற்பனையாக இருக்கட்டும். உண்மையான விவசாயியின் செல்போன் எண் தவறிக்கூட உள்ளே போகக் கூடாது. கோப்பை ஸ்கெல் அடைவில் நேரடியாக வையுங்கள், புதிதாக உருவாகும் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பிரதி கிடைக்கும். அதற்குள் டாக்குமெண்ட்ஸ் என்று அடைவு செய்து வைத்தால், தமிழ் மொழியமைப்பில் அந்த அடைவின் பெயரே தமிழில் உருவாகும்போது இரண்டு அடைவு வந்து குழப்பும்.

மைஎஸ்க்யூஎல் பாடத்துக்கு மரியாடிபி, அப்பாச்சி வெப் சர்வர், பிஎச்பி, பிஎச்பிமைஅட்மின் நான்கையும் இழுக்கும் இரண்டாவது மெட்டா பேக்கேஜ் செய்து, அந்தப் பேக்கேஜ்களை ஐஎஸ்ஓவோடு ஒரு அடைவில் கொடுத்துவிடுங்கள். இணையமில்லாமலும் போட்டுக்கொள்ளலாம். எல்லாக் கணினியிலும் சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய தேவையில்லை. டெபியன் 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதிலாக மரியாடிபியைத்தான் தருகிறது, பாடப்புத்தகக் கட்டளைகள் அப்படியே ஓடும். ஒரே இடறல், ரூட் பயனராக பிஎச்பிமைஅட்மினில் நுழைய முடியாது. டெபியனில் அந்த ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, லினக்ஸின் ரூட் பயனர்தானா என்று சாக்கெட் வழியாகப் பார்த்து அனுமதிக்கிறது. வெப் சர்வர் வேறு பயனராக ஓடுவதால் 1698 என்ற எண்ணோடு மறுத்துவிடும். இன்ஸ்டால் ஆகும்போதே மாணவர் என்று ஒரு பயனரையும் பயிற்சி டேட்டாபேஸ் ஒன்றையும் உருவாக்கும் சிறு ஸ்கிரிப்ட் வைத்துவிட்டால் ஆசிரியர்கள் இதில் மாட்டமாட்டார்கள்.

லிப்ரேஆபிஸ் தொகுப்பின் டேட்டாபேஸ் கருவியான பேஸ் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். படிவம், அறிக்கை செய்து காட்ட நல்லது. எஸ்க்யூஎல் கற்பதற்கு அது சுற்றுவழி, அதன் உள்ளமைந்த டேட்டாபேஸுக்கு ஜாவாவும் வேண்டும். இருந்தால் இருக்கட்டும், மெனுவில் முன்னே வைக்க வேண்டாம்.

டிபீவரை விரும்பும் நண்பர்களுக்கு ஒரு உதவிப் பக்கம் எழுதி வையுங்கள்: ஃபிளாட்பேக் என்ற தனி நிறுவும் முறை வழியாக எப்படிப் போடுவது, டிரைவரை இணையம் உள்ள இடத்தில் எப்படி இறக்கி வைப்பது என்று. கல்லூரிக்குப் போய் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைத் தொடும்போது அவர்களுக்கு அது தேவைப்படும்.

ஐஎஸ்ஓ தயாரானதும், உங்கள் சொந்தக் கணினியில் சோதிக்காதீர்கள். யாரும் தொடாத பழைய மடிக்கணினி ஒன்றில் போடுங்கள், நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், புதிதாக ஒரு பயனரை உருவாக்குங்கள். மாதிரிக் கோப்பை இரண்டு முறை தட்டித் திறந்து, மாரண்டஅள்ளியிலிருந்து ஒரு லாட் சேர்த்து, எழுதி, பைத்தானிலிருந்து அதே வரிசையைப் படியுங்கள். அது வந்துவிட்டால் பள்ளிக்கு எடுத்துப் போகலாம்.